பின்சுவரிலிருந்து முப்பத்தாறு அடி

ஜனவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதீர்கள் என்று அண்ணி சொன்னாலும் கேட்கமாட்டீர்கள், நான் சொன்னாலும் கேட்கமாட்டீர்கள். கடமைக்குச் சொல்லிவைக்கிறேன். நான் சுகம். இரத்த அழுத்தம் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. உங்கள் காது தொலைபேசிக்கு ஒத்துழைத்திருந்தால் இதையெல்லாம் பேசியே தீர்த்திருப்பேன்.

நீங்கள் பதினோரு வருடம் வேலை பார்த்த விமானத்தளத்தை மூடிவிட்டார்கள் அல்லவா, அந்த நிலத்தைச் சுத்தம் செய்து வீடு, கடை, பள்ளிக்கூடம் கட்டப்போகிறார்கள். சுத்தம் செய்யும் குழுவில் மண் ஆய்வாளராக என்னைப் போட்டிருக்கிறார்கள். தலைவர் யார் தெரியுமா? பத்தொன்பது வருடத்துக்கு முன் என் ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டிருந்த பெண். மண்ணை எடைபோட அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். இன்று மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்து, "சார், நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்கிறாள். அந்த ‘சார்’தான் தாங்கமுடியவில்லை.

மேசையில் ஐந்து பேர். அவள், நான், ராணுவத்தின் சார்பில் ஒரு மேஜர், நகராட்சியின் வரைபடக்காரர், மண் தோண்டும் இயந்திரம் ஓட்டுகிறவன். கடைசி ஆளுக்குக் ‘கரண்டி’ என்று பெயர். அவ்வளவு பெரிய வாளியால் பாலாடை எடுப்பதுபோல் மண்ணை எடுப்பானாம். ஓட்டுநருக்கு எதற்கு நாற்காலி என்று கேட்டேன். "மண்ணைத் தொடுறவர் இல்லாம மண்ணைப் பத்தி என்ன சார் பேசறது?" என்றாள். மேஜர் தலையாட்டினார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

இன்னொரு கூத்தைக் கேளுங்கள். சுவரில் பெரிய வரைபடம், அதில் நிலத்தை இருபத்தாறு துண்டாகப் பிரித்திருக்கிறோம். ஆளுக்கு மூன்று சிவப்புக் குண்டூசி. எந்தத் துண்டில் யாருக்குச் சந்தேகமோ அவர் அதில் ஊசியைக் குத்தலாம். உடனே அங்கே வேலை நிற்கும். குத்தியவர் காட்டுகிற இடத்தில் துளை போட்டுப் பார்ப்பார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கக்கூடாது, அதுதான் விதி. கேட்டால் அடுத்தமுறை கூச்சப்பட்டுக் குத்தாமல் இருந்துவிடுவார்களாம்! வரைபடக்காரர் முதல் நாளே ஒன்றைக் குத்தினார். பிறகு அவரே சொன்னார், அங்கே ஏதோ பறவை முட்டையிட்டிருக்கிறதாம். நான் இத்தனை காலம் படித்தது குண்டூசி விளையாடவா? என் மூன்று ஊசியும் டப்பாவிலேயே கிடக்கட்டும்.

நீங்கள் பாகங்கள் கழுவும் கொட்டகையில்தானே இருந்தீர்கள்? சொல்ல ஏதும் இருந்தால் எழுதுங்கள். அண்ணிக்கு என் வணக்கம். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடவும்.

தம்பி


ஜனவரி 29

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் இரத்த அழுத்தத்துக்கு மருந்து வெளியே இல்லை, உன் வாயிலேயே இருக்கிறது. கொஞ்சம் மூடிவை.

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. நான்கு தடவை பதில் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

கொட்டகையில் இயந்திரப் பாகங்களை ஒரு திரவத்தில் முக்கி எடுப்போம். கிரீஸ் எல்லாம் கரைந்து ஓடும், வாசனை இனிப்பாக இருக்கும். அழுக்கான திரவத்தைப் பீப்பாயில் பிடித்து வெளியே அனுப்பவேண்டும் என்று விதி. ஒரு தடவை சோதனைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றதும், பின்பக்கம் சேர்ந்துகிடந்த பதினாலு பீப்பாயையும் ஒரே நாளில் மறைக்கச்சொன்னார் அதிகாரி. எழுத்தில் ஒன்றும் கிடையாது. நாங்கள் நான்கு பேர் குழி வெட்டினோம். கொட்டகையின் பின்சுவரிலிருந்து முப்பத்தாறு அடி, தண்ணீர்த் தொட்டியை நேர்க்கோட்டில் வைத்து நடந்தால் வரும். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். அளந்தது நான். இன்னும் அங்கேதான் இருக்கும், பீப்பாய்க்குக் கால் முளைக்காது.

முப்பது வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. உன் அண்ணியிடம்கூட இல்லை. அந்த இடத்தைத் தோண்டிப் பார்க்கச்சொல். ஆனால் என் பெயர் வேண்டாம். பழைய ஆட்கள் வருடத்துக்கு ஒருமுறை கூடுகிறோம். காட்டிக்கொடுத்தவன் என்று ஆகிவிட்டால் அங்கே போய் உட்கார எனக்கு முகம் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


பிப்ரவரி 23

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நாடுவதும் அதுவே. பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். இங்கே வேலை நெருக்குகிறது.

நீங்கள் எழுதியதை நெஞ்சோடு வைத்திருக்கிறேன். கவலை வேண்டாம். எதையும் சொல்ல ஒரு நேரம் இருக்கிறது.

உங்கள் கொட்டகை ஏழாம் துண்டில் வருகிறது. அங்கே தொடக்கப்பள்ளி என்று முடிவாகியிருக்கிறது. மண் பரிசோதனைக்கு இருபது மீட்டருக்கு ஒரு துளை என்று தலைவி கட்டம் போட்டிருக்கிறாள். பத்து மீட்டராவது வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே சொன்னேன். அவள் ஒவ்வொருவராகக் கேட்டாள். மேஜர் தலையாட்டினார். வரைபடக்காரர் நாள் போதாது என்றார். கரண்டியைக்கூடக் கேட்டாள்! "எனக்கு எத்தனை துளைன்னாலும் சம்மதம்மா, சார் சொல்றதும் சரியாத்தான் படுது" என்றான். எனக்கு ஆதரவாக ஒரே ஒரு குரல், அதுவும் எட்டாவது தாண்டாதவனுடையது. வேண்டாம், விடுங்கள். நான் சொன்னது எடுபடவில்லை.

எனக்கு இது புதிதா? வீட்டிலேயே பழகியதுதானே. அப்பா கடைசிவரை சட்டைப்பையில் வைத்திருந்தது உங்கள் சீருடைப் படத்தை. என் பட்டமளிப்புப் படம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

அண்ணியின் கண் அறுவைச் சிகிச்சை என்ன ஆயிற்று? எழுதவும்.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

அண்ணிக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. நான் இவ்வளவு கிழவன் என்று இப்போதுதான் தெரிந்ததாம்.

அப்பாவின் சட்டைப்பையை இன்னொரு நாள் பேசலாம். நான் கேட்டது வேறு. நீ எழுதியது இரண்டு பக்கம், அதில் எனக்கு வேண்டிய ஒரு வரி இல்லை. சொல்லிவிட்டாயா?

அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணிக்குக் கண் தெளிந்தது பற்றி மகிழ்ச்சி. உங்கள் காதுக்கும் ஒரு வைத்தியம் இருந்தால் நல்லது. எனக்குக் கொஞ்ச நாளாகத் தூக்கம் சரியில்லை, மற்றபடி சுகம்.

ஏழாம் துண்டின் முடிவு வந்துவிட்டது. எந்தத் துளையிலும் ஒன்றும் இல்லை. குழி அவளுடைய கட்டத்துக்குள் நான்கு துளைகளுக்கு நடுவில் சரியாக விழுகிறது; காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். நேற்று ஐந்து பேரும் ‘சுத்தம்’ என்று கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன்.

கோபப்படாதீர்கள். முதலாவது, உங்கள் பெயர். நான் வாயைத் திறந்தால் எப்படித் தெரியும் என்றுதான் கேட்பார்கள். அண்ணனைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிறீர்களா? இரண்டாவது, அஸ்திவாரம் தோண்ட இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகு நான் தனியாக மேலிடத்தில் சொன்னால், இருபது மீட்டர் கட்டம் எவ்வளவு அறிவீனம் என்பது அவர்களுக்கும் விளங்கும். தலைமை என்றால் என்ன என்று ஒருவருக்குப் பாடமாகவும் இருக்கும். யாருக்கும் ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொள்வேன்.

உடல்நலம் பேணவும்.

தம்பி


ஏப்ரல் 9

தம்பி,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

நான் உன் அளவுக்குப் படிக்கவில்லை. ஆனால் உன் கடிதங்களை அடுக்கிவைத்திருக்கிறேன். ஜனவரியில் வந்ததை எடுத்துப் படித்தேன். ஊசியைக் குத்தினால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். காட்டுகிற இடத்தில் துளை போடுவார்கள் என்றும் நீயே எழுதியிருக்கிறாய். உன்னிடம் ஊசி மூன்று. என் பெயரை எவனும் கேட்டிருக்கமாட்டான்.

ஆகவே என் பெயரை முன்னால் நிறுத்தி அதற்குப் பின்னால் ஒளியாதே. உனக்கு அது மறைப்பாக இருக்கிறது என்றால் இதோ எடுத்துக்கொள்: என் பெயரைச் சொல். ஊரறியச் சொல். நாளைக்கே சொல்.

அண்ணன்


ஏப்ரல் 28

தம்பி,

பத்தொன்பது நாள் ஆயிற்று. காது கேட்டால் பேசியிருப்பேன். உன் வீட்டுக்காரிக்கு எழுதலாமா என்று நினைத்தேன். அவளை ஏன் இதில் இழுப்பது. ஒரு வரி போதும். போடு.

அண்ணன்


மே 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் வந்தன. முதலாவது வந்த நாளிலிருந்து என் சட்டைப்பையில்தான் இருந்தது. மேலிடத்துக்கு எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். ‘எனக்கு ஜனவரியிலேயே தெரியும்’ என்ற வரி வரும்போது பேனா நின்றுவிடும். ‘சமீபத்தில் தெரியவந்தது’ என்று எழுதலாமா என்று யோசித்தேன். அந்த யோசனையிலேயே நாட்கள் போயின.

மே ஆறாம் தேதி காலை. அட்டவணைக்கு நான்கு நாள் முன்னதாகவே தோண்ட ஆரம்பித்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பாதிப் பள்ளம் ஆகியிருந்தது. "சார் வந்துட்டாரு, இனிமே மண்ணு ஒழுங்கா நடந்துக்கும்" என்று கரண்டி மேலேயிருந்து சிரித்தான். நிறுத்து என்று சொல்ல வாய் திறந்தேன். காரணம் யோசித்துக்கொண்டிருந்தேன், அண்ணா. காரணம் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் வாளி எதிலோ இடித்து ஒரு சத்தம். என்னவென்று பார்க்க அவன் பள்ளத்தில் இறங்கினான். முகமூடி இல்லை. சுத்தம் என்று ஐந்து கையெழுத்து போட்ட இடத்தில் முகமூடி எதற்கு? குனிந்தவன் நிமிரவில்லை.

தலைவி ஈரத் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு குதித்தாள். அவன் இடுப்பில் கயிறு கட்டினாள். மேஜரும் வரைபடக்காரரும் இழுத்தார்கள். அந்த மேஜர் என்ன வேகம் தெரியுமா. நானும் கயிற்றைப் பிடித்தேன். கடைசி ஆளாக.

மிச்சத்தைத்தான் எழுதமுடியவில்லை. மருத்துவமனையில், என்ன திரவம் என்று தெரியாமல் டாக்டர் தடுமாறினார். நான் உடனே பெயரைச் சொன்னேன். எத்தனை வருடம் பழையது என்பதைக்கூடச் சொன்னேன். வரைபடக்காரர் எல்லாரிடமும் சொன்னார்: "சார் மோந்து பார்த்தே கண்டுபிடிச்சாரு. சார் இல்லேன்னா ஆளு போயிருப்பாரு." கரண்டியின் மனைவி ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் கை நடுங்குகிறது, நிற்குமா என்று தெரியாதாம். தலைவிக்கு இருமல் போகவில்லை. விசாரணையில் அவள் சொன்னது ஒரே வரி: "கட்டம் போட்டது நான். சார் அப்பவே பத்து மீட்டர்னு சொன்னார், நான் கேக்கல." பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டாள். அந்த இடத்துக்கு என்னை வரச்சொல்கிறார்கள்.

என்ன செய்வது என்று எழுதுங்கள்.

தம்பி


ஜூன் 3

தம்பிக்கு,

என்ன செய்வது என்று உனக்குத் தெரியும். தெரியாதவன் ‘மிச்சத்தை எழுதமுடியவில்லை’ என்று எழுதமாட்டான்.

உன்னைத் திட்டலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. நீ வாயை மூடிக்கொண்டிருந்தது மூன்று மாதமோ நாலு மாதமோ. நான் முப்பது வருடம். என்னோடு குழி வெட்டியவன் ஒருவனுக்குக் கைத்தோல் உரிந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்த பிறகும் நான் பேசவில்லை. இதில் யாரை யார் திட்டுவது?

அந்தப் பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். நான் செய்தது, உனக்கு எழுதிய தேதி, எல்லாம் அதில் இருக்கிறது. பதினோராம் தேதி காலையில் தபாலில் போடுவேன். அதற்கு முன்னால் அவள் உன் வாயால் கேட்டால் உனக்கு நல்லது. கேட்காவிட்டாலும் அவளுக்குத் தெரியவேண்டியது தெரிந்துவிடும்.

சாப்பிடு. தூங்கு. அவளிடம் பேசத் தெம்பு வேண்டும்.

அண்ணன்


ஜூன் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

பத்தாம் தேதி சொன்னேன். ஒரு நாள் மிச்சம் வைத்தேன் என்பதில் பெருமை ஒன்றும் இல்லை.

புதிய தலைவராக என்னை வாழ்த்தத்தான் கூடியிருந்தார்கள். விலகிய தலைவியும் வந்திருந்தார், இருமிக்கொண்டே. தலைப்பக்க நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டிருந்தார். நான் நின்றபடியே உங்கள் ஜனவரிக் கடிதத்தை மேசையில் வைத்தேன். அவர் எடுத்துப் படித்தார். படித்துவிட்டுத் தேதியை மறுபடி பார்த்தார். மேஜரிடம் கொடுத்தார். அது மேசையைச் சுற்றி வந்தது. கரண்டியின் நாற்காலி காலி, அதனால் வரைபடக்காரரோடு நின்றது.

"ஏன் சார்?" என்றார் வரைபடக்காரர். அந்த மேசையில் முதல்முறையாக ஒருவர் ஏன் என்று கேட்டார்.

பொய் எதுவும் கைக்கு வரவில்லை. தலைவியைப் பார்த்துச் சொன்னேன்: "நீ தோத்துப்போகணும்னு."

"நான் தோத்துட்டேன், சார்," என்றவர் கரண்டியின் காலி நாற்காலியைக் காட்டினார். "அவர் என்ன பண்ணார்?"

மேஜர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். யாராவது கத்தியிருந்தால் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். தலைவி காகிதமும் பேனாவும் எடுத்தார். "உங்க அண்ணனுக்கு வேற இடம் எதுவும் தெரியுமா? பத்தொன்பதாம் துண்டுல அடுத்த மாசம் தோண்டறோம்." அவ்வளவுதான் கேட்டார். என்னைப் பற்றி அதற்குமேல் அவர்களுக்குத் தெரிந்துகொள்ள எதுவும் இருக்கவில்லை.

குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். விசாரணை என் பேரில் நடக்கும். அவரை மறுபடி தலைவராக்கியிருக்கிறார்கள்.

கரண்டி வீட்டுக்குப் போனேன். அதற்குள் அவருக்கும் செய்தி போயிருந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், அப்படியும் சட்டையில் சிந்தியது. நான் துடைக்கப் போனேன்.

"வேணாம் சார்," என்றார். "பத்து மீட்டர்னு சொன்னீங்களே, அப்ப உங்க பக்கம் பேசினவன் நான் ஒருத்தன்தான்."

அவர் மனைவி கதவருகே நின்றிருந்தாள். நான் தாண்டிப் போகும்போது இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

வேறு இடங்கள் தெரிந்தால் தலைவிக்கே நேராக எழுதுங்கள். என் வழியாக வேண்டாம்.

தம்பி


ஜூன் 30

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று நீ எழுதவில்லை, எழுது.

அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். ‘ஐயா, வந்து காட்ட முடியுமா’ என்று பதில் போட்டிருக்கிறாள். போகப்போகிறேன். பேனாவால் சொல்வதைவிடக் காலால் காட்டுவது எனக்குச் சுலபம், முழங்கால் என்ன சொன்னாலும்.

எங்கள் பழைய ஆட்கள் போன வாரம் கூடினோம். நானே எழுந்து சொல்லிவிட்டேன். மூன்று பேர் எழுந்து போனார்கள். ஒருவன் முகத்துக்கு நேராகக் காறித் துப்பாத குறைதான். கையில் தோல் உரிந்தவன் மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருந்தான். எல்லாரும் போன பிறகு, எனக்குத் தெரியாத இன்னொரு இடத்தைச் சொன்னான். எரிபொருள் கிடங்குக்கு மேற்கே. அவனும் என்னோடு வருகிறான்.

ஒன்பதாம் தேதி வருகிறோம். நீ அங்கே இருப்பாயா?

அண்ணன்


ஜூலை 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

எனக்குச் சுகம்தான். வேளைக்குச் சாப்பிடுகிறேன். தூக்கம் விட்டுவிட்டு வருகிறது.

காலை எட்டே கால் பஸ்ஸில் ஏறுங்கள், அதில் முன்பக்கம் உட்கார இடம் கிடைக்கும். இறங்குகிற இடத்திலிருந்து வாசல் இருநூறு அடிதான், மெதுவாக நடங்கள். வாசலில் தலைவி நிற்பார். உங்களுக்கும் உங்கள் நண்பருக்கும் முகமூடி கொடுப்பார். சுத்தம் என்று யார் சொன்னாலும் கழற்றாதீர்கள். காது கேட்காது என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட்டேன், எழுதிக் காட்டுவார். வரைபடக்காரர் கிண்டல் பேசுவார், நல்ல மனிதர். மேஜர் உங்களைப் பார்த்து சல்யூட் அடித்தால் ஆச்சரியப்படாதீர்கள். அளவு நாடாவின் இன்னொரு முனையை யார் பிடிப்பது என்று மட்டும் அவர்கள் முடிவு செய்யவில்லை, ஒரு ஆள் குறைகிறது.

வாசலில் இருக்கும் பட்டியலில் என் பெயர் இல்லை. ஒரு நாளைக்கு மட்டும் சேர்க்க முடியுமா என்று அவரிடம் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, முடியாது என்றார். அது சரிதான். சாலையில் நிற்கலாமா என்றேன். "ரோடு எல்லாருக்கும் பொதுதானே சார்" என்றார்.

கிழக்குப் பக்கம் வேலி சாலையை ஒட்டி வருகிறது. பத்தொன்பதாம் துண்டுக்கு அந்த வழியாகத்தான் உங்களை அழைத்துப்போவார்கள். அங்கே சாம்பல் நிறச் சட்டையில் நிற்பேன். நான் கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்காது, கூப்பிடவும் மாட்டேன். நீங்கள் திரும்பிப் பார்த்தே ஆகவேண்டும் என்று இல்லை. இடத்தைச் சரியாகக் காட்டுவதுதான் முக்கியம்.

முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு வாருங்கள்.

தம்பி